நாற்பது துடிப்புகள்

தம்பி சேகருக்கு, அப்பா எழுதுவது.

சுகம், உன் சுகமறிய ஆவல் என்று வழக்கமாக எழுதும் நாலு வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன். சுகமாக இல்லாதவன் அப்படி எழுதினால் அது உன்னை ஏமாற்றுவது, ஏமாற்றியது போதும். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "அங்கிள், லண்டன் கடுதாசிலா! கல்யாண சேதியா?" என்று காஜா பெராங் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். ஆமாம் என்று சிரித்து வாங்கிக்கொண்டேன். உன் கோழி கிளறிய எழுத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடியோடு பின்பக்கம் கொய்யா மரத்தடிக்குப் போனேன். பாதிக் கடிதம் கல்யாணம். தை பிறந்ததும் வருகிறாய்; லெட்சுமிக்கு என்ன நிறச் சேலை பிடிக்கும் என்று அவளிடம் கேட்காமலே தெரிந்து சொல்ல வேண்டுமாம். உன் அம்மா இருந்திருந்தால் இதையெல்லாம் அவளே பார்த்திருப்பாள். மறு பாதி உன் வேலையைப் பற்றியது. அதைத்தான் நான் ஏழெட்டுத் தடவை படித்தேன்.

ஓர் அறை நிறைய நிற்கும் உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான பகுதிகளும் ஒரே ஒரு துடிப்புக்காகக் காத்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய். துடிப்பு வந்தால் எல்லாம் ஓர் அடி நகரும், அடுத்த துடிப்பு வரை நிற்கும். ஆனால் வேலை இருக்கிற பகுதி, இல்லாத பகுதி என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் துடிப்பு போவதால் வீணாக மின்சாரம் குடிக்கிறது, சூடாகிறது. எல்லாம் ஒரே கணத்தில் இழுப்பதால் கம்பிகளில் இரைச்சல் கிளம்பி, ஒரு பகுதி சொல்வதை இன்னொன்று தப்பாகக் கேட்கிறது. அதனால் சும்மா இருக்கும் பகுதிக்குத் துடிப்பை நிறுத்திவைத்து, வேலை வரும்போது மறுபடி திறந்துவிட நீ ஒரு வழி கண்டுபிடித்தாயாம். மேலதிகாரி எல்லார் முன்னாலும் பாராட்டினாராம். "புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில் அந்தக் காலத்திலேயே நீங்கள் செய்ததுதானே அப்பா, உங்கள் மூளைதான் எனக்கு வந்திருக்கிறது" என்று முடித்திருக்கிறாய். வேறு எந்த அப்பனாக இருந்தாலும் அந்த வரியைத் தெருவில் நின்று நாலு பேருக்குப் படித்துக் காட்டியிருப்பான். நான் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். 

லெட்சுமியின் அப்பா கந்தப்பா எப்படிச் செத்தார் என்று உனக்குத் தெரியும். நம் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அன்று காலையில், கொண்டாட்டத்துக்கு ஓடும் அவசரத்தில், காத்திருக்க வேண்டிய நேரம் காத்திருக்காமல் நீராவிக் கலத்தின் கதவைத் திறந்து, அதன் வீச்சில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் செத்தார். ஊர் அப்படித்தான் சொல்கிறது. விசாரணைக் காகிதமும் அப்படித்தான் சொன்னது. லெட்சுமியும் அப்படித்தான் நம்பி வளர்ந்தாள். அது பொய், தம்பி. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் முடிந்த பிறகுதான் திறந்தார். கடிகாரம் தப்பாகக் காட்டியது. அதைத் தப்பாக்கியவன் நான். யாரும் பார்க்கும் முன் அதைச் சரியாக்கி வைத்து, பழியை அவர் தலையில் விழவிட்டவனும் நான். பதினோரு வருஷமாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாகூடத் தெரியாமலே போய்விட்டாள்.

உனக்கு அப்போது பதினைந்து வயது. ஃபேக்டரியின் வெளிவாசலைத் தாண்டி நீ வந்ததில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ரப்பரில் சைக்கிள் டியூபும் சுடுதண்ணீர்ப் பையும் செய்த இடம் அது. ஏழு கொட்டகைகள். நான் அங்கே வயர்மேன். விளக்கு, மோட்டார், கடிகாரம் எல்லாம் என் பொறுப்பு. ஆபீஸ் அறையில் ஆள் உயரத்துக்கு ஊசல் வைத்த தாய்க் கடிகாரம் ஒன்று இருந்தது. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அதற்குள் இரண்டு உலோக நாக்குகள் தொட்டு விலகும். பேட்டரியிலிருந்து ஒரு துடிப்பு கிளம்பி எல்லாக் கொட்டகைச் சுவர்க் கடிகாரங்களுக்கும் ஓடும். ஒவ்வொன்றிலும் முள் அரை நிமிடம் நகரும். அந்தச் சுவர்க் கடிகாரங்களுக்குச் சொந்த புத்தி எதுவும் கிடையாது. துடிப்பு வந்தால் நகரும், வராவிட்டால் நிற்கும், பத்துத் துடிப்பு சேர்ந்து வந்தால் பத்து அடி போகும். அவற்றைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் வேலைக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள், வீட்டுக்குப் போனார்கள்.

கொட்டகைகள் கூடக் கூடக் கடிகாரங்களும் கூடின, பேட்டரி தாங்கவில்லை. மதியத்துக்கு மேல் துடிப்பு பலவீனமாகி, கடைசிக் கொட்டகையின் முள் நகரலாமா வேண்டாமா என்று நடுங்கிக்கொண்டு நிற்கும். அது ஒரு தலைவலி. இன்னொன்று இரைச்சல். ஒவ்வொரு துடிப்பிலும் அந்த உலோக நாக்குகளுக்கு நடுவே பொறி பறக்கும். கொட்டகைகளுக்கு ஓடிய நீளமான கம்பிகள் அந்தப் பொறியை வாங்கி நாலாபக்கமும் பரப்பும். வெள்ளைக்கார மேனேஜர் துரையின் ரேடியோவில் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை 'டக்' என்று விழும். சுதந்திரப் பேச்சு சூடாக நடந்த காலம் அது. உள்ளே துரையும், வெளியே ஜன்னலோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற நம் ஆட்களும் செய்தி கேட்கும்போது, முக்கியமான வார்த்தையாகப் பார்த்து 'டக்' வந்து அதை முழுங்கிவிடும். துரை என்னைக் கூப்பிட்டு, அந்தச் சனியனை நிறுத்து என்று மேஜையைத் தட்டினார். பொறியை அடக்க என்னென்னவோ செய்து பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது. பிறகுதான் யோசனை வந்தது. வேலை நடக்காத கொட்டகைக்கு மணி எதற்கு? ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஒரு பித்தளைச் சுவிட்ச் வைத்தேன். அதைப் போட்டால் துடிப்பு அந்தக் கடிகாரத்துக்குள் போகாமல் குறுக்கே கடந்து அடுத்ததற்குப் போய்விடும், கடிகாரம் தூங்கும். ஷிப்ட் தொடங்கும் முன் சுவிட்சை எடுத்துவிட்டு, எவ்வளவு நேரம் தூங்கியதோ அதற்குத் தக்கபடி தந்திக் கட்டை மாதிரி ஒரு கைச்சாவியால் அதற்கு மட்டும் துடிப்புகளைத் தட்டி முள்ளைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவேன். பேட்டரி பிழைத்தது, இரைச்சல் பாதியாகக் குறைந்தது, எனக்குத் தலைக்கனம் ஏறியது. சாப்பாட்டுத் தட்டில் சோற்றுப் பருக்கைகளை வரிசையாக வைத்து உனக்கும் அம்மாவுக்கும் அதை விளக்கினேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய். அன்று உனக்கு எதை ஊட்டினேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

கந்தப்பாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. கடைசிக் கொட்டகையின் நீராவிக் கலம் அவர் கையில் இருந்தது. நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கம்போங் சிட்டியில்தான் அவர் வீடு. இருவரும் சேர்ந்தே கிளேபாங் வழியாகச் சைக்கிள் மிதிப்போம். அவர்கள் சிட்டி ஆட்கள், சாமி நம் சாமி, பேச்சு மட்டும் பல தலைமுறையாக மலாய். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு அவர்கள் மலாய் முழுசாக வராது. இரண்டும் கலந்து பேசி வாழ்நாள் சிநேகிதம் ஆகிவிட்டது. அண்ணன் என்பதற்கு அவர்கள் பாஷையில் என்னை 'அபாங்' என்பார். ஒரு நாள் சுவிட்ச் பலகைக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "அபாங், தூங்கின மனுஷன் முழிச்சதும் மணி என்னன்னு அடுத்தவனைக் கேப்பான். இந்தக் கடிகாரம் யாரைக் கேக்கும்?"

"என்னைத்தான் கேக்கும்" என்றேன்.

"அபாங் தப்பா சொல்லிட்டா?"

"நான் தப்பா சொல்ல மாட்டேன்லா. நீ உன் வேலையைப் பாரு" என்று அவர் முதுகில் ஒன்று வைத்தேன். இருவரும் சிரித்தோம்.

அவருடைய வேலை எளிதானது, ஆபத்தானது. அச்சில் வார்த்த ரப்பர் பைகளை அந்த இரும்புக் கலத்துக்குள் அடுக்கி, கதவை இறுக்கி, நீராவி விட்டு வேகவைப்பார். வெந்ததும் நீராவியை அடைத்துவிட்டு, உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியேற அரை மணி காத்திருக்க வேண்டும். அழுத்தத்தைக் காட்டும் முள் கெட்டுப்போய், பழுதுபார்க்கச் சிங்கப்பூருக்குப் போயிருந்தது. அது திரும்பும் வரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அரை மணி காத்துத் திறக்கவும் என்று கதவின் மேல் சாக்பீஸில் எழுதிவைத்திருந்தார்கள். மற்றவர்கள் இருபது நிமிடத்தில் திறந்து பார்ப்பார்கள். கந்தப்பா ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. அரை மணி என்றால் அரை மணி. அவர் காத்திருப்பதைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் காலையில் ஃபேக்டரிக்கு விடுமுறை. அவசர ஆர்டர் ஒன்றுக்காகக் கடைசிக் கொட்டகை மட்டும் நடந்தது. ரேடியோவைக் கேட்க வேலையாட்கள் குடும்பத்தோடு வந்து முற்றத்தில் கூடினார்கள். துரை நல்ல மனதோடு ரேடியோவை ஒலிபெருக்கியில் மாட்டிவிடச் சொன்னார். மற்ற ஆறு கொட்டகைக் கடிகாரங்களும் ஏற்கனவே தூக்கத்தில். கந்தப்பாவுடையது மட்டும் ஓடியதால், அதற்குப் போன கம்பியிலிருந்து 'டக்' ஒலிபெருக்கியில் பெரிதாக விழுந்தது. கூட்டத்தில் யாரோ, "வயர்மேன் அண்ணே, இன்னிக்குக்கூட இந்த எழவா?" என்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பலகைக்கு ஓடி, வேலை நடக்கும் கொட்டகை என்று தெரிந்தே அந்தச் சுவிட்சைப் போட்டேன். இருபது நிமிடம்தானே, பிறகு தட்டிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். கந்தப்பாவிடம் சொல்லவில்லை. சுவிட்ச் போட்டதும் நடந்து போய்க் கடிகாரம் நின்றுவிட்டதா என்று கண்ணால் பார்ப்பது என் வழக்கம். அன்று அதையும் செய்யவில்லை. அறிவிப்பைத் தவறவிடக் கூடாது என்று முற்றத்துக்கு ஓடினேன்.

இப்போது எழுதப்போவதை மெதுவாகப் படி. ரேடியோவில் 'டக்' முழுசாகப் போகவில்லை. மெல்லிசாக, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருந்தது. ஆபீஸ் கடிகாரம் மட்டும் ஓடினால் ரேடியோவில் எதுவும் கேட்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் கொட்டகைக்குத் துடிப்பு இன்னும் போகிறது என்று அர்த்தம். நீராவியும் ரப்பர் புளிப்பும் பட்டுப் பச்சை பூத்த அந்தப் பித்தளை, சரியாகத் தொடவில்லை. கடிகாரம் தூங்கவே இல்லை. இரண்டு வருஷமாக நான் எந்தச் சத்தத்தை விரட்டினேனோ அதுவே என் காதில் வந்து அதைச் சொல்லியது. எனக்குக் கேட்டது, தம்பி. கேட்கவில்லை என்று எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டது. எல்லாரும் அழுதும் சிரித்தும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்ட நேரத்தில், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இருபது நிமிடம் ஆனதும் பலகைக்குப் போய், நின்ற கடிகாரத்தை ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு, கைச்சாவியை நாற்பது தடவை தட்டினேன். ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் இருபது நிமிடம் முன்னே போனது. கந்தப்பா அதற்குச் சற்று முன்புதான் நீராவியை அடைத்து, மணியைப் பார்த்து வைத்துக்கொண்டு, முற்றத்துக்கு வந்திருந்தார். லெட்சுமியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கலாமா என்று அவர் மனைவி பாக்கியம் அவரை அதட்டினாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையை இறக்கிவிட்டு உள்ளே போனார். சுவரைப் பார்த்தார். அரை மணி முடிந்திருந்தது. நிஜத்தில் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

சத்தத்தை நான் எழுத மாட்டேன். ஓடிப் போய் அவரைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். எல்லாரும் லாரியோடு போன பிறகு கொட்டகையில் நான் மட்டும் நின்றேன். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிட வித்தியாசம். அந்த 'டக்' என்ன சொன்னது என்று முழுசாகப் புரிந்தது. பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, கண்ணாடியைத் திறந்து, பெரிய முள்ளை விரலால் பின்னுக்குத் தள்ளினேன். மூன்று நிமிடம் யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அடுத்த பதினோரு வருஷமும் யோசிக்க நேரம் இருந்ததே. விசாரணைக்கு வந்தவர் சுவர்க் கடிகாரத்தையும் ஆபீஸ் கடிகாரத்தையும் ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றாக இருந்தன. "கடிகாரம் அன்று ஒழுங்காக ஓடியதா?" என்று என்னைக் கேட்டார். ஒழுங்காக ஓடியது என்றேன். கந்தப்பா முற்றத்தில் பிள்ளையோடு நின்றதையும், பத்து நிமிடத்தில் திரும்பியதையும் பார்த்தவர்கள் சொன்னார்கள். இறந்தவரின் அவசரமே காரணம் என்று எழுதி முடித்தார்கள். விபத்து நடந்த அன்று வீட்டுக்கு வந்தபோது, "சோத்துல கையே வெக்கலையே, கைக்கு என்ன?" என்று உன் அம்மா கேட்டாள். கரண்ட் அடித்துவிட்டது என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவருக்கு என்ன பேர் வந்தது என்று உனக்கே தெரியும். கந்தப்பா கோப்போ. அவசரக் கந்தப்பா. ஊரிலேயே நிதானமான மனிதனுக்கு அந்தப் பேர். பாலத்தில் யாராவது சைக்கிளை வேகமாக மிதித்தால், "டேய், கந்தப்பா கோப்போவா நீ?" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் லெட்சுமியை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டவனை நீ அடித்துவிட்டு வந்தாய். நான் உன்னைத் திட்டினேன். அவள் எங்கேயும் ஓடிப் பார்த்திருக்கிறாயா? பஸ்ஸுக்கு அரை மணி முன்னால் போய் நிற்கிறாள். தன் வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாளை மூன்று தடவை திருத்துகிறாள். அவளுடைய நிதானம்தான் உனக்குப் பிடித்தது என்று எழுதியிருந்தாய். அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

குற்ற உணர்ச்சியில் அந்தக் குடும்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கூரை ஒழுகினால் நான், லெட்சுமிக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டுமென்றால் நான். என்னோடு நீயும் வந்தாய். அப்படித்தான் உங்களுக்குள் இது வளர்ந்தது. பொங்கலை ஒட்டி அவர்கள் பார்ச்சு என்று முன்னோருக்குப் படையல் வைப்பார்களே, வருஷம் தவறாமல் என்னைக் கூப்பிடுவார்கள். கந்தப்பாவுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் காரச் சம்பாலும் இலையில் வைத்து, பக்கத்தில் பால் விடாத கோப்பி ஓவும் வைத்து, அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் எல்லாரும் ஒதுங்கி நிற்பார்கள். பிறகு அதையே எடுத்து எனக்குப் பரிமாறுவாள் பாக்கியம். "அவருக்கு அபாங்தான் உசிரு" என்பாள். நான் அதைச் சாப்பிட்டேன். பதினோரு வருஷம் சாப்பிட்டேன். இரண்டு தடவை வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்திருக்கிறேன். மற்ற வருஷங்களில் அதுகூட இல்லை, செரித்துவிட்டது. என்னைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில் அதுதான் மோசமானது என்று நினைக்கிறேன்.

உன் வேலைக்கு ஒன்று சொல்கிறேன், அதைச் சொல்லவாவது எனக்குத் தகுதி இருக்கிறது. நிறுத்தியதாக நினைக்கும் பகுதி நிஜமாகவே நின்றதா என்று போய்ப் பார். அது நிற்காமல் ஓடியிருந்தால் நீ கொடுக்கும் திருத்தமே அதைக் கெடுக்கும். இரைச்சலை அடக்கு, அது உன் வேலை. ஆனால் அடக்கும் முன் அது எங்கிருந்து வருகிறது என்று கேள். நிறுத்தப்போகிறேன் என்பதை அந்தத் துடிப்பை நம்பி நிற்பவனிடம் முன்கூட்டிச் சொல். சொல்வதற்கு எனக்கு அன்று ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

உன் கடிதம் வந்த மறுநாள் புக்கிட் ரம்பாய்க்குப் போனேன். விசாரணைக் காகிதத்தில் உண்மையை எழுதவைத்துவிட்டு, அதன் நகலோடு உனக்கு எழுதலாம் என்று எண்ணம். ஃபேக்டரி கை மாறி ஆறு வருஷமாகிறது. ஆபீஸில் கணக்கெழுதும் உன் வயது கிராணி ஒருவர் மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார். "அங்கிள், அந்தக் காலத்துக் காகிதமெல்லாம் வெள்ளைக்காரன் போறப்பவே எரிச்சிட்டாங்க. இப்ப எதுக்கு இதெல்லாம் கிளறிக்கிட்டு? தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். போலீஸ் ஸ்டேஷனிலும் கேட்டேன். இறந்தவர் பெயரே அங்கே யாருக்கும் தெரியவில்லை. திருத்துவதற்கு ஓர் எழுத்துகூட எங்கும் மிச்சமில்லை. பேர் மட்டும்தான் இருக்கிறது, பாலத்திலும் பசாரிலும், சின்னப் பிள்ளைகள் வாயில். அதை எந்த ஆபீஸில் போய் அழிப்பது?

இதுவரை எழுதிவிட்டு, லெட்சுமியிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மேலே அடித்திருப்பது அதுதான். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. அவளுக்கும் பாக்கியத்துக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அவர்களால் படிக்க முடியாத பாஷையில், கடல் தாண்டி இருப்பவனுக்கு எழுதிவிட்டு, நான் ஒப்புக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு இன்று காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, பாக்கியம் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். லெட்சுமிக்குப் பள்ளி விடுமுறை. கல்யாணத்துக்குத் தைத்த கெபாயா மேல்சட்டை கட்டிலில் விரித்துக் கிடந்தது. உட்காருங்கள் என்றார்கள். நின்றுகொண்டே, எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். சுவிட்ச், துடிப்பு எல்லாம் அந்தப் பாஷையில் சொல்ல வரவில்லை. நான்தான் மணியைத் தப்பாக்கினேன், நான்தான் திருப்பி வைத்தேன், அவர் நேரம் பார்த்துத்தான் திறந்தார் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பாக்கியம் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "அப்போ அவரு அவசரப்படல" என்றாள்.

"இல்லை" என்றேன்.

"எங்களை விட்டுட்டுக் கொண்டாட்டத்துக்கு ஓடல."

"இல்லை. அவசரப்பட்டது நான்."

"படையல் வெக்கிறப்பல்லாம் அந்த மனுஷனைத் திட்டுவேன் அபாங். பிள்ளையை விட அரை மணி பெருசாப் போச்சான்னு திட்டுவேன். அபாங் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவள் எழுந்து உள் அறைக்குப் போனாள். அங்கே மாட்டியிருக்கும் படத்திடம் அவள் பேசியது வெளியே கேட்டது. மன்னிப்புக் கேட்டாள், தம்பி. அந்த மனிதனிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள்.

லெட்சுமி அழவில்லை. கெபாயாவை மடித்துக்கொண்டே, "ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் இருந்தாரே, நான் கதவுக்கு வெளிய நின்னேன். அப்பா உங்ககிட்ட என்னமோ கேட்டாரு. உதடு அசைஞ்சது தெரிஞ்சது. என்ன கேட்டாரு மாமா?" என்றாள்.

இதை உனக்கு மேலே எழுதவில்லை. பதினைந்து பக்கம் ஒப்புக்கொண்டவன் இதை மட்டும் ஒளித்துவைத்திருந்தேன். அவளிடம் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன். உதட்டைத் தவிர முகம் முழுக்கக் கட்டு. என் கையைப் பிடித்து, "அபாங், நான் மணியைப் பாத்துட்டுத்தான் தொறந்தேன். அரை மணி ஆயிடுச்சு. நீங்க சொல்லுங்க, ஆயிடுச்சுதானே?" என்று கேட்டார். ஆமாம் கந்தப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். யாருக்கும் கேட்டிருக்காது, எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான், "இப்ப எதுக்கு அதெல்லாம், பேசாம தூங்கு" என்றேன். என் கையை விட்டுவிட்டார். தனக்குத்தான் மணி பார்க்கத் தெரியாமல் போய்விட்டது என்று நம்பிக்கொண்டே மறுநாள் செத்துப் போனார்.

லெட்சுமி மடித்த கெபாயாவைப் பெட்டிக்குள் வைத்தாள். "இதை சேகருக்கு எழுதிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "எழுதுங்க. கல்யாணத்தைப் பத்தி நானே அவருக்கு எழுதிக்கிறேன். நீங்க இனிமே இங்க வர வேணாம்" என்று கதவைத் திறந்துவிட்டாள். சத்தம் போடாமல், எப்போதும் போல நிதானமாகத்தான் திறந்தாள்.

அவள் கடிதம் உனக்கு வரும். அதில் வேண்டாம் என்று இருந்தால், ஏன் என்று அவளைக் கேட்காதே. சரி என்று இருந்தால், அந்த வீட்டுக்கு மருமகனாகப் போ. என் மகனாகப் போகாதே. கல்யாணத்தில் நான் இருக்க மாட்டேன், என்னைத் தேடி யாரையும் அனுப்பாதே. வயதானவர், பாவம், பதினோரு வருஷம் வெந்துவிட்டார் என்று உனக்குத் தோன்றும். உன் மனசு எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. என் பக்கம் பேசாதே, தம்பி.

அப்பா